சொல்லிக்கொண்டு கிளம்பும் குள்ளச்சி

1

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த நாளை என் வீட்டுக்காரர் ஆண்டுதோறும் கொண்டாடுவார். கொண்டாட்டம் என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கேக் வாங்கி வருவார். அதில் பாதியை அவரே சாப்பிட்டுவிட்டு, "எத்தனை வருசம் ஓடிப்போச்சு பாரு" என்பார். நான் "ஓடித்தான் போச்சு" என்பேன். பிறகு பாத்திரம் கழுவுவோம்.

இந்த முறை கேக்கைச் சாப்பிட இரண்டு பேர்தான் இருந்தோம். மகள் இனியா ஹாம்பர்க்கில் படிக்கிறாள். நாங்கள் தெற்கே ஒரு சிற்றூரில் இருக்கிறோம், அவள் வடக்கே கடைக்கோடியில் இருக்கிறாள். அன்று அவளிடமிருந்து போனில் ஒரு கேக் படம் வந்தது. அதன் கீழே ஓர் எழுத்துகூட இல்லை.

அவள் போனது போன வருடம் இதே புரட்டாசியில். சண்டை ஒன்றும் கிடையாது. பக்கத்து ஊரிலேயே கல்லூரி இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாமே என்று மட்டும் சொன்னேன். தினமும் சொன்னேன், அவ்வளவுதான். அவள் கிளம்பிய காலையில் நான் சமையலறையில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வெங்காயம் அப்படித்தான். பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இனியா சொல்லாமல் போய்விட்டாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் சேந்தமங்கலத்தில் முக்குக் கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வருவதானாலும் "வாரேனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவோம். உள்ளே இருப்பவர்கள் "போய்ட்டு வா சாமி" என்பார்கள். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கிளம்பியதாகக் கணக்கு. ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து வருவது ஒரே ஒரு இடத்திலிருந்துதான். அது சாவு வீடு.

என் மகள் என் வீட்டிலிருந்து அப்படிப் போனாள். அவள் சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது. வருடம் ஒன்றாக அது என்னிடமே கிடக்கிறது. போன் செய்தால் "நல்லா இருக்கேன், சாப்ட்டேன், படிக்கணும்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவாள். படம் அனுப்பினால் கட்டைவிரல் ஒன்று திரும்பி வரும். பெற்ற பிள்ளையின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

கேக்கை விழுங்கிக்கொண்டே வீட்டுக்காரர் சொன்னார்: "போன்ல எல்லாம் அவ கெடைக்க மாட்டா. அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்துலதான் இருக்கறா. உன்ர தம்பியும் அங்கதான் கெடக்கறான். ரெண்டு பேரும் வாராவாரம் பேசிக்கறாங்களாமா."

என் மீதிக் கேக்கை அவர் தட்டில் தள்ளிவிட்டேன்.

2

சொல்லிக்கொண்டு கிளம்புவதில் எனக்கு இந்த நாட்டில் நல்ல அனுபவம் உண்டு.

வந்த புதிதில் குடியிருப்பு அனுமதிக்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். வேலை முடிந்தது. எழுந்து நின்று, போய்ட்டு வாரேனுங்க என்பதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அப்படியே சொன்னேன். "நான் மறுபடியும் வருவேன்." அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "எதற்கு? உங்கள் வேலை முடிந்துவிட்டதே" என்றார். மரியாதைக்காகச் சொல்கிறார் என்று நினைத்து, "இல்லை இல்லை, கட்டாயம் வருவேன்" என்றேன். அவர் கணினியைத் தட்டிப் பார்த்து, ஒரு தேதி எழுதிய சீட்டைக் கொடுத்தார். கொடுத்த தேதியில் போகாவிட்டால் தப்பாகிவிடும் என்று பயந்து நான் போனேன். அவரும் எனக்காகக் காத்திருந்தார். என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

அதற்கப்புறம் எந்த அலுவலகமானாலும் இனியாவைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாயிற்று. பள்ளிக்கூடப் பையோடு நாற்காலியில் உட்கார்ந்து, கால் தரையில் எட்டாமல், என் தமிழை அவர்கள் மொழியில் மாற்றிச் சொல்லுவாள். "எங்கள் ஊரில் கிளம்பும்போது இப்படித்தான் சொல்வார்கள், இவர் வரமாட்டார்" என்று அதிகாரியிடம் விளக்கம் சொன்ன பிள்ளை அவள்.

மரியாதை விஷயத்திலும் இதே பாடுதான். ஜெர்மன்காரர்கள் 'நீ', 'நீங்கள்' இரண்டையும் அளந்து அளந்து பயன்படுத்துவார்கள். எனக்குப் பிறந்ததிலிருந்து எல்லாமே 'ங்க'தான். அடுத்த வீட்டு நாயை இன்னமும் நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறேன். நாய் அதை நல்லவிதமாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

3

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி கதிர்வேலைக் கூப்பிட்டேன். அவனுக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை இருக்கிறது. வீடு சேந்தமங்கலத்திலேயே. வயது நாற்பத்தைந்து தாண்டியாகிவிட்டது, விளையாட்டு மட்டும் விட்டபாடில்லை.

"ஏண்டா, எம்பிள்ளைகூட வாராவாரம் பேசறயாமா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னயா?"

"நீங்க கேக்கலைங்களேக்கா. தாய்மாமனும் மருமகளும் பேசறதுக்கு யாரு பர்மிட்டுங்க?"

"என்னையும் அதுல ஏத்தி உடு. ஆனா நாந்தான்னு அவளுக்குத் தெரியக்கூடாது."

அவன் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது. "செரிங்க்கா. லேப்டாப்பத் தொறங்க" என்றான்.

அந்த விளையாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை நாட்டில் உலவுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஒவ்வொருவரும் ஒரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்டுக்குள் போவதற்கும் குடியேற்ற அலுவலகம் மாதிரியே ஏகப்பட்ட கேள்விகள். என்ன இனம், என்ன முகம், என்ன தொழில். ஒரே வித்தியாசம், இங்கே மூக்கை நாமே பெரிதாகவோ சிறிதாகவோ வைத்துக்கொள்ளலாம். மூக்குத்திக்கு வழியில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

கூர்மையான காதுக்காரர்கள், பச்சைத் தோல்காரர்கள் எல்லாரையும் தள்ளிவிட்டுக் குள்ளர் இனத்துப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தேன். தோளும் இடுப்புமாக வேலை செய்யக்கூடியவள் மாதிரி இருந்தாள். கொல்லிமலை என்று பெயர் வைத்தேன்.

"தொழில் என்னன்னு கேக்குதுடா."

"மூணு சோலிதானுங்க்கா. அடிக்கறவங்க, அடி வாங்கறவங்க, வைத்தியம் பாக்கறவங்க. நான் அடி வாங்கறவன். நம்ம பிள்ளை அடிக்கறவ."

நான் யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். வைத்தியம் என்று அழுத்தினேன்.

4

முதல் நாள் ஒரு கிராமத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல கிராமம். ஆற்றுத் தண்ணீர் ஓடியது. ஒரு பெரியவர் தலைக்கு மேல் மஞ்சள் நிற ஆச்சரியக்குறியோடு நின்றிருந்தார். அவரிடம் போனால், காட்டு ஓநாய்களைக் கொன்று தோலைக் கொண்டு வா என்கிறார்.

"ஓநாய் என்னடா பண்ணுச்சு இவர?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலைங்க்கா. கொன்னாத்தான் நீங்க அடுத்த படிக்குப் போவீங்க."

"இது புரட்டாசி மாசம்டா."

"தின்னாத்தானுங்க்கா தப்பு. தோலை மட்டுந்தானே உரிக்கறீங்க."

புரட்டாசியில் முட்டை போட்ட கேக் சாப்பிட்டவள் ஓநாய்க்குப் பார்ப்பதா என்று நீங்கள் கேட்கலாம். கேக்கில் முட்டை கண்ணுக்குத் தெரியாது. ஓநாய் தெரியும், நம்மைப் பார்த்து வாலையும் ஆட்டும். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் ஓநாய் பக்கமே போகாமல் பச்சிலை பறித்து விற்று, நத்தை ஊர்வது மாதிரி படியேறினேன். அந்த நாட்டிலேயே ஒரு பிராணியைக் கூடக் கொல்லாமல் சுற்றிய குள்ளச்சி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்னொரு பழக்கமும் எனக்குப் பிடிபடவில்லை. அங்கே யார் வீட்டுக்குள்ளும் யாரும் திறந்து போகலாம், பானையை உருட்டி உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். நான் வாசலில் நின்று "ஊட்ல யாருங்க?" என்று தட்டச்சு செய்து காத்திருப்பேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னை ஊடுருவிக்கொண்டு உள்ளே போய்ப் பானையைக் காலி செய்துவிட்டு வருவார்கள்.

பச்சிலை வாங்கும் கடைக்காரர் கணினியே இயக்கும் ஆள். எத்தனை முறை போனாலும், "வா பயணியே, என்ன வேண்டும்?" என்ற ஒரே வரியைத்தான் சொல்லுவார். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் வாங்கி விற்று முடித்து அப்படியே திரும்பி நடக்க வாய் கூசியது. "வாரேனுங்க" என்று அடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். அடிப்பது அக்கம்பக்கத்தில் நிற்பவர்கள் திரையிலும் தெரியும். கடைக்காரர், ஆச்சரியக்குறிப் பெரியவர், ஆற்றங்கரையில் துணி துவைக்கும் அம்மா, எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் விளையாட்டை மூடுவேன். சொல்லி முடிக்கவே நேரம் பிடிக்கும்.

5

இனியா இருக்கும் குழுவில் சேருவதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று தம்பி சொன்னான். நான் எதிர்பார்த்ததுதான். ஜெர்மன்காரர்கள் கூடுகிற இடத்தில் விண்ணப்பம் இல்லாமல் இருக்காது.

"யாருடா பாத்துச் சேத்துக்கறது?"

"புதுசா வாரவங்கள எல்லாம் நம்ம பிள்ளைதானுங்க்கா பாக்கறது. வெளுத்து வாங்குவா. சூதானமாப் பேசுங்க."

அப்படியாக ஒரு சனிக்கிழமை மாலை, கோட்டை மண்டபத்தில் என் மகளின் முன்னால் போய் நின்றேன். அவள் உயரமாக, வெள்ளி முடியும் முயல் காதுமாக, முதுகில் இரண்டு வாள் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் நன்றாகவே எட்டியது. நான் அவள் இடுப்பு உயரம்கூட இல்லை.

"எங்கள் குழுவில் ஏன் சேர விரும்புகிறாய்?" என்று ஜெர்மனில் எழுத்து வந்தது.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத அலுவலகம் இந்த நாட்டில் கிடையாது. பதில் மனப்பாடம். "ஒழுங்காக நடந்துகொள்வேன். யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன். உங்கள் விதிகளைக் கற்றுக்கொள்வேன்" என்று 'நீங்கள்' போட்டு எழுதினேன்.

"இங்கே எல்லாரும் நீ என்றுதான் பேசுவோம்" என்றாள்.

"மன்னியுங்கள்" என்றேன்.

"இங்கே உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

ஒரு பதிலை அடித்தேன், அழித்தேன். கடைசியில், "ஒருவரைத் தெரியும். முன்னே நன்றாகத் தெரியும்" என்று எழுதினேன்.

வெகு நேரம் பதில் வரவில்லை. நிராகரித்துவிட்டாள் என்றே நினைத்தேன். பெற்ற மகளிடம் மேல்முறையீடு எங்கே செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எழுத்து வந்தது: "சேர்த்துக்கொள்கிறோம். தகுதிகாண் காலம் உண்டு. நாளை மத்தியானம் குகைக்குப் போகிறோம், வைத்தியர் வேண்டும்."

6

குகைக்குப் போனது ஐந்து பேர். என் தம்பி, என் மகள், ஜெர்மன்காரர்கள் இரண்டு பேர், நான். தம்பி காதருகே போனில் இருந்தான்.

"கிளீனர் மாதிரி எனக்குப் பின்னாடியே வாங்க்கா. யாருக்கு ரத்தம் கொறையுதோ அவிங்களுக்கு வைத்தியம் பாருங்க. அதுதான் உங்க சோலி. மொதல்ல எனக்கு, அப்பறம் மத்தவங்களுக்கு."

"ஆகட்டும்" என்றேன்.

குகைக்குள்ளே லாரி அளவுக்கு ஒரு சிலந்தி இருந்தது. அது பாய்ந்து வந்ததும் ஐந்து பேரும் மூலைக்கு ஒருவராகச் சிதறிவிட்டோம். திரையில் ஐந்து பேருடைய ரத்த அளவும் ஐந்து பச்சைக் கோடுகளாகத் தெரியும். அதில் இனியாவின் கோடு லேசாகக் குறைந்தது. நான் வைத்தியம் பார்த்தேன். நிறைந்தது. மறுபடி குறைந்தது. மறுபடி பார்த்தேன்.

"அக்கா, எனக்குங்க்கா! எனக்குப் பாதிதானுங்க இருக்குது!"

"இருடா, பிள்ளைக்குப் பாத்துட்டு வாரேன்."

"பிள்ளைக்கு ஃபுல்லா இருக்குதுங்க்கா!"

"மறுபடியும் கொறைஞ்சுட்டா?"

ஜெர்மன்காரர் ஒருவர் விழுந்தார். இன்னொருவர் பெரிய எழுத்தில் என்னவோ எழுதிக்கொண்டே விழுந்தார். என் தம்பி கடைசி வரை நின்று அடி வாங்கிவிட்டு, "கூடப் பொறந்தவனக் கொன்னுபோட்டீங்களேக்கா" என்று போனில் சொல்லிக்கொண்டு விழுந்தான். இனியா மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இரண்டு வாளையும் சுழற்றிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் சிலந்தி கால்களை மடக்கிக்கொண்டு சரிந்தது. நான் எதையும் கொல்லவில்லை. புரட்டாசிக்குப் பங்கம் இல்லை.

செத்தவர்கள் ஆவியாகச் சுடுகாட்டில் எழுந்து, குகைவரை ஓடி வந்து, தம் உடம்புக்குள் புகுந்துகொள்ள வேண்டுமாம். "ஓடியார நேரமாகுமுங்க்கா, அதுக்குள்ள ஒரு டீ குடிச்சுக்கறேன். வாரேனுங்க" என்று தம்பி போனை வைத்துவிட்டான்.

குகையில் நானும் மகளும் மட்டும் நின்றோம். தரையில் மூன்று உடல்கள். தம்பி கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகக் கிடந்தான். விளையாட்டுத்தான், போனில் இப்போதுதான் டீ என்று சொன்னவன்தான். இருந்தாலும் அந்தக் கிடப்பைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ போலாகிவிட்டது. இன்றைக்கு இது போதும், மூடிவிடலாம் என்று தோன்றியது. கடைக்காரரிடம்கூட வாரேன் என்று சொல்கிற எனக்கு, அங்கே கை வரவில்லை. ஒன்றும் எழுதாமல் திரும்பிக் குகை வாசலைப் பார்த்து நடந்தேன்.

திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"சொல்லாமப் போறீங்க?"

குள்ளச்சி அப்படியே நின்றாள். என் விரல்கள் என்னைக் கேட்காமல் எழுதின: "சாவு உழுந்த எடத்துல சொல்லிட்டுப் போகக் கூடாது சாமி."

"தெரியும்மா."

'அம்மா' என்றே கூப்பிட்டுவிட்டாள். "எப்ப இருந்து தெரியும்?" என்றேன்.

"கடைக்காரர்கிட்டச் சொல்லிட்டுக் கெளம்பற ஒரு குள்ளச்சி இருக்குதுன்னு குழுவுல எல்லாரும் சிரிச்சுட்டு இருந்தாங்க. அப்பவே சந்தேகம். நீங்க மண்டபத்துல வந்து நின்னப்ப நிச்சயமாயிருச்சு."

அவளே தொடர்ந்து எழுதினாள்.

"பெரிய தாத்தா ஊட்டுல என்னக் கிள்ளுனீங்களே, ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது. நாமகிரிப்பேட்டையில் என் பெரியப்பா இறந்தபோது இவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எட்டு வயது. யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று ஊருக்கு வந்த நாளிலிருந்து பாடம் நடத்தியிருந்தேன். பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, கணீரென்று "வாரேனுங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கையில் ஒரு கிள்ளுக் கிள்ளி இழுத்துக்கொண்டு வந்தேன். காரில் ஏன் என்று கேட்டாள். "அழுவற ஊட்டுல சொல்லிட்டு வரக்கூடாது" என்றேன். எட்டு வயதுக்கு அந்த விளக்கம் போதும் என்று விட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நான் கெளம்பறப்ப நீங்க அழுதுட்டு இருந்தீங்க" என்று அடுத்த வரி வந்தது. "கதவுகிட்ட நின்னேன். சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. அழுவற ஊட்டுல சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் போய்ட்டேன். அப்பறம் நீங்களும் ஒண்ணும் கேக்கல. கோவமா இருக்கறீங்கன்னு நெனச்சேன்."

"நான் எங்க அழுதேன்? வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேன்."

"புளிசாதந்தானே கட்டிக் குடுத்தீங்க. ரயில்ல தின்னேன். அதுல ஏதும்மா வெங்காயம்?"

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். புளிசாதத்தில் வெங்காயம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. என் வீட்டைச் சாவு வீடு மாதிரி நடத்திவிட்டுப் போனாள் என்று வருடம் முழுக்க மருகிக்கொண்டிருந்தேன். பிள்ளை நான் சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. திரையில் கொல்லிமலை கல்லு மாதிரி நின்றிருந்தாள், லேப்டாப்புக்கு இந்தப் பக்கம் நான் முந்தானையைத் தேடிக்கொண்டிருந்தேன். போட்டிருந்தது ஸ்வெட்டர்.

7

செத்தவர்கள் ஒவ்வொருவராக ஓடி வந்து எழுந்தார்கள். தம்பி எழுந்ததும் ஒரு குதி குதித்தான். ஜெர்மன்காரர் ஒருவர், வைத்தியர் ஏன் ஒரே ஆளுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தார் என்று விளக்கம் கேட்டார். "அவர் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறார்" என்று இனியா அதிகாரியாகப் பதில் எழுதினாள். ஜெர்மன்காரர் அதை ஏற்றுக்கொண்டார். முறையான காரணம் சொன்னால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

அவர்கள் சிலந்தியின் சொத்தைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் ஒரு வரி வந்தது.

"எல்லாரும் எந்திரிச்சுட்டாங்கம்மா. இப்பச் சொல்லலாமில்ல?"

"சொல்லலாம் சாமி" என்றேன்.

"அப்ப, வாரேன்மா."

எனக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்க இன்னும் சரியாக வராது. ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, 'போய்ட்டு வா சாமி' என்று அடித்தேன். நான் அடித்து முடிக்கும்வரை அவள் கிளம்பாமல் அங்கேயே நின்றிருந்தாள்.